பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்

நவி மும்பையில் வாஷி, நெருல், கோபர்கைரனே, துர்பே. வாஷிப் பாலம் தாண்டினால் மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, தாராவி. இங்கெல்லாம் நர்சிங் ஹோம் நடத்துகிற, கேஷுவாலிட்டியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற தமிழ் டாக்டர்களுக்கு இந்த மடல்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் 31 வருஷம் இருந்து, லேபர் வார்டு சிஸ்டராக ரிட்டயர் ஆனவள். இன்டர்ன்ஷிப்புக்கு வந்த காலத்தில் ஐ.வி. போடக் கை நடுங்கி, "சிஸ்டர், நீங்களே ஒரு தடவை பாருங்க" என்று என்னிடம் கெஞ்சியவர்கள் இன்று சொந்த போர்டு மாட்டிப் பேர் வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பழைய உரிமையில், மனசு ஆறாமல் இதை எழுதுகிறேன். திட்டுவதுபோல் தோன்றினால் திட்டுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடி மாசம், விடாத மழை. எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. அந்த வீட்டு மருமகளுக்கு 23 வயசு, 18 வாரக் கர்ப்பம். இரண்டு நாளாக நீர் கசிகிறது என்று சொல்லியிருக்கிறாள். சூட்டினால் வருவது என்று நினைத்து மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மாமியார் என் கதவைத் தட்டினாள். "எக்கா, பிள்ளைக்குக் குளிருதுக்கா. ரெண்டு போர்வ போர்த்தியும் நடுக்கம் நிக்கல."

போய்த் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி உடம்பு. தெர்மாமீட்டரில் 103. நாடி 130-ஐத் தாண்டி ஓடியது. சேலையில் இருந்த ஈரத்தில் ஒரு வாடை. லேபர் வார்டில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு அந்த வாடை போதும், வேறு டெஸ்ட் வேண்டாம். பனிக்குடம் உடைந்து, உள்ளே சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிட்டது. இனி அந்தக் கர்ப்பம் நிற்காது. அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பெண் மிஞ்சுவாள். உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புருஷன் லாரி டிரைவர். மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றிவர நாசிக் பக்கம் போயிருந்தான். நடக்கிற தூரத்தில் ஒரு நர்சிங் ஹோம். அதன் பேரை எழுதப்போவதில்லை. எந்த நர்சிங் ஹோமாகவும் இருந்திருக்கலாம் என்பதால்தான் இந்த மடலே. டியூட்டியில் இருந்தவர் இளைய டாக்டர், தமிழர், நல்ல பிள்ளை. உடனே படுக்க வைத்தார், பி.பி. பார்த்தார், ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதுவரை எல்லாம் சரி. திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. "சிஸ்டர், பேபிக்குத் துடிப்பு இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "எங்ககிட்ட எம்.டி.பி. லைசென்ஸ் இல்ல." அதற்கப்புறம், "ஹஸ்பண்ட் எங்கே? அவர் கையெழுத்து வேணுமே." வெளியே போய் முதலாளி டாக்டருக்கு போன் போட்டுவிட்டு வந்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். ஒரு டோஸ் ஆன்டிபயாடிக்கூடப் போடவில்லை, டிரிப் ஏற்றவில்லை. கேஸ் பேப்பரும் எழுதவில்லை. எழுதிவிட்டால் அவள் அவர்களுடைய பேஷண்ட் ஆகிவிடுவாளே!

மான்கூர்டில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பையனின் காரில், பின் சீட்டில், அவள் தலை என் மடியில். நான் வாட்சைப் பார்த்து நாடி எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "போன்ல சார்ஜ் இல்லக்கா. அவுக கூப்பிட்டா எடுக்க முடியாதே." பாலத்தில் ஏறும்போதே அவள் கை ஜில்லிட்டிருந்தது. வாஷியில் படியிறங்கியது பதினொன்றே முக்கால். அங்கே ஸ்ட்ரெச்சரில் ஏற்றியது ஒன்று ஐம்பது.

அங்கே ரெஜிஸ்ட்ராராக இருந்தது ஒரு மராத்திப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். பத்து நிமிஷத்தில் மருந்து உள்ளே போனது. சம்மதத்துக்கான சி படிவத்தை நீட்டி, "இவளுக்கு எழுதத் தெரியுமா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். அந்த நடுக்கத்தில் பிள்ளை தமிழில் தன் பேரை எழுதினாள். முதலெழுத்து கோட்டுக்கு மேலே, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே. புருஷன் எங்கே என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் தாமதம் ஆகிவிட்டது. ஆறு நாள் ஐ.சி.யூ. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. 23 வயசு.

டாக்டர்களே, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சட்டம் ஒன்றுதான். இந்தப் பக்கம் மூடியிருந்த கதவு அந்தப் பக்கம் எப்படித் திறந்திருந்தது?

நீங்கள் படித்த காலத்தில் பரீட்சைக்கு உருப்போட்ட அதே 1971-ஆம் வருஷத்து மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை, அதாவது எம்.டி.பி. சட்டத்தை எடுத்து, 5-ஆம் பிரிவை இன்னொரு தடவை படியுங்கள். கர்ப்பிணியின் உயிரைக் காக்க உடனடியாகக் கருவை நீக்கியாக வேண்டும் என்று பதிவுபெற்ற ஒரே ஒரு டாக்டர் நல்லெண்ணத்தோடு முடிவுக்கு வந்தால் போதும். வாரக்கணக்கு பொருந்தாது. இரண்டாவது டாக்டரின் கருத்து வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் செய்ய வேண்டும் என்கிற 4-ஆம் பிரிவும் பொருந்தாது. மகப்பேறுத் துறையில் அனுபவமோ பயிற்சியோ இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையைக்கூட அந்த இடத்தில் தளர்த்தியிருக்கிறார்கள். "எங்ககிட்ட லைசென்ஸ் இல்ல" என்கிற வாக்கியத்துக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்தாகிவிட்டது. வாரக்கணக்கிலும் டாக்டர் எண்ணிக்கையிலும் நம் பெண்ணுக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும், அவளுக்கு 18.

புருஷன் கையெழுத்து? சட்டம் கேட்பது பெண்ணின் சம்மதத்தை. பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தாலோ மனநோய் இருந்தாலோ மட்டும் காப்பாளரின் கையெழுத்து. புருஷன், மாமனார், அண்ணன் என்கிற சொற்கள் அந்தச் சம்மதப் பிரிவில் எங்கும் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கே நாக்கு கொஞ்சம் கூசுகிறது. 1990-களில் நானும் "வீட்டுக்காரர் வரட்டும், உட்காரு" என்று எத்தனையோ பெண்களைப் பெஞ்சில் உட்கார வைத்தவள். அப்போது எனக்கு அது வழக்கம் என்றுதான் தெரியும். சட்டத்தில் இல்லை என்று தெரியாது. எவ்வளவு பேர் அப்படி உட்கார்ந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

"துடிப்பு இருக்கு" என்றாரே, அதற்கு வருகிறேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு சவிதா ஹலப்பனவர் ஞாபகம்தான் வந்தது. நம் பக்கத்துப் பெலகாவியைச் சேர்ந்த பல் டாக்டர். அயர்லாந்தில் கால்வே நகரத்தில் இருந்தார். 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பனிக்குடம் உடைந்தது. கரு பிழைக்காது என்று தெரிந்தும், துடிப்பு இருக்கிறது என்பதால் கலைக்க மறுத்தார்கள். சீழ் ரத்தத்தில் ஏறி அக்டோபர் 28-ஆம் தேதி செத்துப்போனார். வயசு 31. அந்த ஊர் அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு திருத்தம் இருந்தது. அந்த ஒரு சாவு நாட்டையே உலுக்கியது. 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்தத் திருத்தத்தை மக்களே நீக்கினார்கள். அயர்லாந்து டாக்டர்கள் சட்டம் கையைக் கட்டிப் போட்டது என்று சொல்லலாம். நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? நம் சட்டத்தில் துடிப்பு என்கிற சொல்லே கிடையாது.

உங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் குடியிருக்கிறார்கள். அங்கே நடப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவசரத்துக்கு வருகிற எவரையும் நிலைப்படுத்தாமல் ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-இலேயே மத்தியச் சட்டம் போட்டார்கள். 2022-இல் கருக்கலைப்பு உரிமையை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பறித்ததும், பல மாநிலங்கள் ஆளுக்கொரு தடைச் சட்டம் கொண்டுவந்தன. ஐடஹோ மாநிலத்தில், மருத்துவக் காரணம் என்றால், உயிர் போகும் நிலையில் மட்டும் கலைக்கலாம் என்று வைத்தார்கள். கர்ப்பப்பை போகும், கிட்னி போகும் என்றால் கூடாது. மத்திய அரசு வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 27-இல் முடிவு சொல்லாமலே வழக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட பெண்களை ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் பக்கத்து மாநிலத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஒரே ஆஸ்பத்திரிக் குழுமம் 2024-இன் முதல் சில மாதங்களில் ஆறு பேரை அனுப்பியது. அவசரத்தில் கருக்கலைப்பும் சிகிச்சையே என்று 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் 2025 ஜூனில் அடுத்த அரசு திரும்பப் பெற்றுவிட்டது. எவ்வளவு இரத்தம் போனால் "உயிருக்கு ஆபத்து" என்று எழுதலாம் என டாக்டர்கள் வக்கீலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்களாம். இதை வாட்ஸ்ஆப்பில் படித்துவிட்டு "பாவம், அமெரிக்கா" என்று உச்சுக் கொட்டுகிறோம். மான்கூர்டு தண்ணீரில் ஒரு கார் நின்றதே, அதற்கு யார் உச்சுக் கொட்டுவது?

இங்கேயும் மத்தியம், மாநிலம் என்கிற இடைவெளி இல்லாமல் இல்லை. அவசர நோயாளியை நிலைப்படுத்த வேண்டியது மருத்துவ நிலையத்தின் கடமை என்று 2010-ஆம் வருஷத்து மத்திய மருத்துவ நிலையங்கள் சட்டம் சொல்கிறது. சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு என்பதால் மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். மகாராஷ்டிரம் ஏற்கவில்லை, 1949-ஆம் வருஷத்து நர்சிங் ஹோம் சட்டத்தையே ஒட்டுப்போட்டு ஓட்டுகிறது. தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997-ஆம் வருஷத்துச் சட்டம். இதைக் காரணம் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நாடு முழுவதற்கும் பொருந்தும். அந்த வழக்கின் கதை ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூட்டரில் போனவரைக் கார் இடித்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. முதலில் உயிரைப் பார், சட்ட நடைமுறையெல்லாம் பிறகு, இதில் அரசு டாக்டர் தனியார் டாக்டர் என்கிற பேதம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வாஷியிலிருந்து பாலம் தாண்டிப் போகிற தூரம் அந்த 20 கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு, மழைக்காலத்தில் அதிகம்.

உங்கள் பயத்தை நான் ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க நாட்டிலேயே முதலில், 1988-இல், சட்டம் போட்டது நம் மகாராஷ்டிரம்தான்; மத்தியச் சட்டம் 1994-இல்தான் வந்தது. தேவையான சட்டம். 2012-இல் பீட் மாவட்டத்துப் பர்ளியிலும் 2017-இல் சாங்லி மாவட்டத்து ம்ஹைசாலிலும் பெண் கரு என்று கள்ளத்தனமாகக் கலைத்ததை யார் மறக்க முடியும்? ம்ஹைசாலில் ஓடைக்கரையில் 19 கருக்களைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரு பெண் செத்துப்போனாள். அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரெய்டு வந்தது, ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள், படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டதற்கு மெஷினுக்கு சீல் வைத்தார்கள். கருக்கலைப்பு என்கிற சொல்லே விஷம்போல் ஆகிவிட்டது. பாலினம் பார்ப்பதைத்தான் அந்தச் சட்டம் தடுக்கிறது, கருக்கலைப்பை அல்ல என்பதை அதிகாரிகளும் மறந்தார்கள், நீங்களும் மறந்தீர்கள். கேஸ் தப்பினால் சொந்தக்காரர்கள் நாற்காலியைத் தூக்கி எறிகிறார்கள் என்பதும் தெரியும். என் முன்னாலேயே எறிந்திருக்கிறார்கள்.

ஆனாலும் பயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? நல்லெண்ணத்தோடு செய்ததற்கு வழக்குப் போட முடியாது என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை என்று 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவே விலக்கு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவும் அதை அப்படியே வைத்திருக்கிறது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், இன்னொரு டாக்டரின் நடுநிலையான கருத்தைக் கேட்காமல் டாக்டர் மேல் கிரிமினல் கேஸில் இறங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போலீஸுக்குக் கடிவாளம் போட்டது. டாக்டர்களைத் தாக்கினால் தண்டிக்க மகாராஷ்டிரத்தில் 2010-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு குடை பிடித்திருக்கிறார்கள். மழையில் நிற்பது அந்தப் பெண்.

பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். இங்கேதான் இரண்டு மத்தியச் சட்டங்கள் நிஜமாகவே முட்டிக்கொள்கின்றன. பெண்ணின் பேரை வெளியே விடாதே என்கிறது கருக்கலைப்புச் சட்டம். தெரிந்தால் போலீஸுக்குச் சொல், சொல்லாவிட்டால் உனக்கும் தண்டனை என்கிறது 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம். தாராவியிலிருந்தோ துர்பேயிலிருந்தோ ஓர் அம்மா பதினாறு வயசு மகளை முக்காடு போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நீங்கள் "எம்.எல்.சி. போடணும், போலீஸ் வரும்" என்று ஒரு வார்த்தை சொல்கிறீர்கள். பாத்ரூமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளை எப்படி வரும் என்று நான் வார்டில் நின்று பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையில் யாரோ எடுத்துக் கொடுத்த மாத்திரையை இரண்டு மடங்கு போட்டுக்கொண்டு, பாவாடையெல்லாம் நனைந்து, காது மடல் வெளுத்து வரும். வராமலும் போகும்.

இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் கொஞ்சம் அவிழ்த்துக் கொடுத்தது. மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தகவல் சொல்லும்போது பிள்ளையின் பேரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்லத் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் இதை எடுத்துச் சொல்லி நடைமுறைப்படுத்தச் சொன்னது. அவசரம் என்றால் இன்னும் தெளிவு: 2020-ஆம் வருஷத்துப் போக்சோ விதிகளின்படி, குழந்தைக்கு அவசரச் சிகிச்சை கொடுக்கும் முன் போலீஸ் கடிதமோ வேறு எந்தக் காகிதமோ கேட்கக் கூடாது. ரத்தம் போகிற பிள்ளையிடம் "முதல்ல ஸ்டேஷன்ல போய் எழுதிட்டு வா" என்கிற டாக்டர் சட்டத்தைக் காப்பாற்றவில்லை, மீறுகிறார்.

உயிருக்கு உடனே ஆபத்து இல்லாத கேஸ்களில் நடப்பதும் உங்களுக்குத் தெரியும். 2008-இல் நம் மும்பையில் நிகேதா மேத்தா, டாக்டர் நிகில் தாதாரோடு சேர்ந்து உயர் நீதிமன்றப் படி ஏறினார். கருவுக்கு இருதயக் கோளாறு, வாரம் 20-ஐத் தாண்டிவிட்டது. அனுமதி கிடைக்கவில்லை, பிறகு கர்ப்பம் தானாகக் கலைந்தது. அந்த 20-ஐச் சில வகைப் பெண்களுக்கு 24 ஆக்குவதற்கே 13 வருஷம் பிடித்தது. 2024-இல் மகாராஷ்டிரத்தில் 14 வயசுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு. மெடிக்கல் போர்டு முதலில் கலைக்கலாம் என்றது. சில நாளில், பிள்ளையை மறுபடி பரிசோதிக்காமலே, கூடாது என்று மாற்றிச் சொன்னது. உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 22-இல் அனுமதி கொடுத்தபோது ஏறக்குறைய 30 வாரம். பெற்றோருக்குப் பயம் பிடித்துக்கொண்டது, மனசு மாறினார்கள். ஏப்ரல் 29-இல் அந்த உத்தரவையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டாக்டர்களும் போர்டுகளும் கேஸ் வந்துவிடுமோ என்று பயந்து கருத்துச் சொல்லக் கூடாது, நல்லெண்ணத்தோடு சொல்கிற கருத்துக்குச் சட்டம் துணை நிற்கிறது என்று அந்தத் தீர்ப்பில் உங்களுக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறுமிக்குப் போன ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் மேசையில் ஃபைல் காத்திருந்த வாரம்.

ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனசில்லை. இந்த 1971-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு வித்திட்ட குழு 1964-இல் அமைந்தது. தலைவர் சாந்திலால் ஷா. அப்போது அவர் மகாராஷ்டிர சுகாதார அமைச்சர். கள்ளத்தனமாகக் கலைத்து, சீழ் பிடித்து வார்டு வார்டாகப் பெண்கள் செத்ததைப் பார்த்துத்தான் இந்தச் சட்டம் பிறந்தது. நம் ஊரிலிருந்து போன சட்டம், நம் ஊரிலேயே வேலை செய்ய மறுக்கிறது.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

கர்ப்பிணி ஒருத்தி காய்ச்சலோடோ இரத்தத்தோடோ உங்கள் வாசலுக்கு வந்தால், முதலில் கேஸ் பேப்பரில் அவள் பேரை எழுதுங்கள். எந்த ராத்திரியிலும் எந்த டியூட்டி டாக்டரும், முதலாளிக்கு போன் போடும் முன்பே, டிரிப்பும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றலாம் என்று இன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பாதிப் பயம் சட்டத்தைப் பற்றியதல்ல, முதலாளியைப் பற்றியது என்பது எனக்குத் தெரியும். அவள் உயிரைக் காக்கக் கருவை நீக்கியாக வேண்டும் என்று உங்கள் மனசுக்குத் தெரிந்தால், மணியைக் குறித்து, காரணத்தை நாலு வரி எழுதி, அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, செய்யுங்கள். அந்த நாலு வரிதான் நாளைக்கு உங்களுக்குக் கவசம். எழுதாத பேப்பர் யாரையும் காப்பாற்றாது.

உங்களிடம் தியேட்டர் இல்லை, ரத்தம் இல்லை, மயக்க டாக்டர் வர முடியாது என்றால் அது நியாயமான காரணம். அனுப்பத்தான் வேண்டும். அப்போதும் மருந்தைத் தொடங்கிவிட்டு அனுப்புங்கள். அந்தப் பக்கத்து லேபர் வார்டுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். 108-ஐ நீங்கள் கூப்பிடுங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சீட்டு எழுதி, சட்டைப் பையில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு ஆளை வண்டியில் ஏற்றுங்கள். மராத்தியும் இந்தியும் தெரியாத மாமியார் கையில் ஸ்கேன் படத்தைக் கொடுத்து "போ" என்பதற்குப் பேர் ரெஃபரல் அல்ல.

இன்னொன்று. 5-ஆம் பிரிவைத் தமிழிலும் மராத்தியிலும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என் வக்கீல் மருமகன் சரிபார்த்திருக்கிறான். கேஷுவாலிட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிற அளவுதான். வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். நானே கொண்டு வந்து கொடுக்கிறேன். மூட்டு வலி இருக்கிறது, இருந்தாலும் நர்சிங் ஹோம் படியேறுவது எனக்குப் பழக்கம்தான்.

கடைசியாக, அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த தம்பிக்கு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பிள்ளை உங்களைத் திட்டி நான் கேட்டதில்லை. முதலில் படுக்க வைத்ததும் பி.பி. பார்த்ததும் நீங்கள்தான் என்பதை ஞாபகம் வைத்திருக்கிறாள். இப்போது காலையில் மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை போடுகிறாள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். வீடு உங்கள் நர்சிங் ஹோமிலிருந்து நடக்கிற தூரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேபர் வார்டு சிஸ்டர் ஒருத்தி,
வாஷி